எம் மாமாவின் நோட்டு

ஆங்கிலத்தில் இருபத்தாறு எழுத்துகள் இருக்கின்றன. அதில் இருபத்தைந்து தண்டம் என்று மனதார நம்பிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எம் மாமாதான். மீதி ஒன்று எம்; அந்தப் பெயரே அதனால் வந்தது. அண்ணாமலை நகரில் ஆய்வேடு டைப் அடிக்கும் கடையில் இருந்தார். சொந்த ஊர் கடலூர்ப் பக்கம், குடிகாட்டைத் தாண்டி ஒரு மீனவர் குப்பம். உண்மைப் பெயர் என்ன என்று ஆய்வு மாணவர்களான நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அவர் சொல்வது இதுதான். எம் என்றால் தண்ணீர். பழைய எகிப்துக்காரன் தண்ணீரைக் காட்ட நெளிநெளியாக ஒரு கோடு போட்டான். அந்தப் பக்கத்துக் கடலோடிகள் அதை எடுத்து 'மேம்' என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் பாஷையிலும் அது தண்ணீர்தான். அங்கிருந்து கிரேக்கம், ரோம், அரபு என்று எழுத்து ஊர் சுற்றியது. நம்ம 'ம' கூட அந்த வம்சம்தான் என்று அடித்துச் சொல்வார்.

மறுநாள் ஆய்வேடு ஒப்படைக்க வேண்டிய வேதியியல் மாணவன் வேர்த்து விறுவிறுத்து நிற்பான். இவர் நிதானமாக எழுத்துருவை மாற்றிக்கொண்டிருப்பார்.

"இதுல எம்மோட நடுக்காலு தரையத் தொடல தம்பி. தண்ணி அந்தரத்துல நிக்குமா?"

"நாளைக்குக் கடைசி நாளு சார்."

"தண்ணிக்கு ஏதுப்பா கடைசி நாளு?"

டீக்கடை அக்காவின் கைக்குழந்தை முன்னால் ஒருநாள் காலையிலிருந்து குந்தியிருந்தார். உதட்டை மூடித் திறந்தால் முதலில் என்ன சத்தம் வருகிறது என்று ஆராய்ச்சி.

"அம்மா, மம்மி, மா... எந்த நாட்டுப் புள்ளையும் மொதல்ல இதத்தான் புடிக்குது."

"அது பாலுக்கு அழுவுது. எழுந்து போ மாமா" என்றாள் அக்கா.

நான் மொழியியலில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஒரு இயல்கூடத் தேறவில்லை. இந்த வருஷம் முடிக்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று நெறியாளர் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் மாமா மேசைக்கு அடியிலிருந்து இரண்டு லாங் சைஸ் நோட்டுகளை எடுத்தார். பதினைந்து வருஷமாக அந்த ஒற்றை எழுத்தைப் பற்றி எழுதிச் சேர்த்தது.

"படிச்சிப் பாரு மாப்ள. யாராவது ஒருத்தன் படிக்கணும்ல."

படித்தேன். இயல்களாகப் பிரித்தேன், அடிக்குறிப்பு சேர்த்தேன், மேலே என் பெயரைப் போட்டேன். அவரிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்ததாக நண்பர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய்.

இதைவிடக் கேவலம், டைப் அடிக்க அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரளவுக்குச் சுத்தமாக அடிக்கிறவர் அங்கே வேறு யாரும் இல்லை.

பதினோரு நாள் அடித்தார். அந்த எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடைக்கு வந்த மாணவர்கள் மாமாவுக்கு உடம்பு சரியில்லையா என்று என்னிடம் விசாரித்தார்கள். கடைசி நாள் மட்டும் திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"நம்ம 'ம' அதுலேர்ந்துதான் வந்துதுன்னு அடிச்சி எழுதியிருக்கு மாப்ள. அது இன்னும் சண்டையில இருக்கற விஷயம். நோட்டுல நான் பண்ண தப்பு. 'வந்திருக்கலாம்'னு மாத்திடட்டுமா?"

மாற்றச் சொன்னேன். ஆய்வேட்டின் நன்றியுரையில் நெறியாளர், மனைவி, நண்பர்கள் எல்லோருக்கும் பிறகு கடைசி வரியில் டைப் அடித்தவருக்கு நன்றி சொல்வது வழக்கம். எனக்குத்தான் அவர் பெயர் தெரியாதே. இடம் விட்டு, "நீங்களே போட்டுக்குங்க மாமா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வாய்மொழித் தேர்வு பொது நிகழ்ச்சி. யாரும் வரலாம், கேள்வி கேட்கலாம். பெரும்பாலும் மிக்சருக்கும் காபிக்கும்தான் கூட்டம் வரும். அன்று கடைசி வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையோடு மாமா.

வெளியூர்த் தேர்வாளர் கேட்டார்: "நெளிகோடு மலையா இருக்கலாம், பாம்பா இருக்கலாம். தண்ணின்னு எப்படிச் சொல்றீங்க?"

நான் பக்கங்களைத் தள்ளித் தேடினேன். பின்னால் மாமா எழுந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"எழுத்தோட பேரே தண்ணின்னு சார் மொத இயல்லயே சொல்லியிருக்காரு. பேரே அப்டி இருக்கறப்ப வேற சாட்சி எதுக்குன்னு கேக்க வராரு. சரிதானுங்களா சார்?"

கடைசி 'சார்' என்னைப் பார்த்து. சரிதான் என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். மாமா மிக்சர்கூட வாங்காமல் போய்விட்டார்.

சாயங்காலம் அறையில் ஆய்வேட்டைப் புரட்டினேன். மாமாவின் நோட்டில் இருந்த ஒரு வரி அதில் இல்லை: 'சுனாமி அன்று எங்கள் ஊருக்குள் வந்த தண்ணீரை நேரில் பார்த்தேன், இதே வடிவம்.' சொந்தக் கதை வேண்டாம் என்று நெறியாளர் கோடு போட்டு நீக்கிய வரி அது. நான் மறுபேச்சுப் பேசவில்லை, மாமாவும் அதை விட்டுவிட்டுத்தான் அடித்திருந்தார். நன்றியுரையில் நான் விட்ட இடத்துக்கு வந்தேன். அங்கே பெயர் இல்லை. 'ம' என்று ஒரே ஒரு எழுத்து இருந்தது.

அடுத்த மாதம் கடைக்குப் போனபோது அவர் ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். நான் போகவில்லை. என்ன முகத்தோடு போவது?

இப்போது வகுப்பில் அந்த எழுத்துக்கு வரும்போது, "இதை எனக்கு ஒரு மாமா சொன்னார்" என்று ஆரம்பிக்கிறேன். அதற்கு மேல் தைரியம் வரவில்லை. மனசு கனக்கும் நாட்களில் ஆய்வேட்டை எடுத்து அந்தக் கடைசி வரியை விரலால் தொட்டுப் பார்ப்பேன். எம்மோ ம-வோ, அதற்கப்புறம் எனக்கு அது தண்ணீர் இல்லை, மாமாதான்.