சத்தத்துக்குக் கட்டிய அணை

"உங்கட வீட்டு வளவுல றோட்டுச் சத்தம் கூடக் கிடக்கு அண்ணே. கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்" என்று சொல்லிவிட்டு அன்னப்பூரணி போனை வைத்துவிட்டாள்.

நல்லரத்தினம் கத்தரிக் கன்றுகளுக்கு நடுவே போனும் கையுமாக நின்றார். அன்னப்பூரணி சித்தாண்டிக்காரி. அவளுடைய மகனுக்குத்தான் இவருடைய ஒரே மகள் கம்சாயினியைப் பேசி, முக்கால்வாசி முடிந்திருந்தது. சுனாமிக்குப் பிறகு இந்த வருடம்தான் கட்டி முடித்த வீட்டைப் போன ஞாயிறு பார்க்க வந்தவர்கள் இதே தோட்டத்தில் கதிரை போட்டிருந்து, பலகாரம் தின்று, சிரித்துக்கொண்டு போனவர்கள்.

சத்தம் உண்மைதான். சண்டை முடிந்த இரண்டாம் வருடம் அவர்களுடைய ஊர் மாங்கேணிக்கு வழவழவென்று காப்பெற் றோட்டு வந்தது. குழிக்குழியாய் இறங்கி ஏறிய பஸ்கள் இப்போது திருகோணமலைக்குப் பறந்தன. தோட்டத்து வேலிக்கும் றோட்டுக்கும் இடையில் ஓர் ஆடு படுக்க இடமில்லை. ஆனாலும் சத்தத்துக்காகத் தள்ளிப்போன கல்யாணத்தை அவர் கேள்விப்பட்டதில்லை.

அதை அலட்சியம் செய்யவும் முடியாது. இந்தப் பக்கத்தில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவான். வீடு மகளுக்கு எழுதப்படும். தாய் தகப்பன் வளவின் பின்பக்கம் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். இருக்கப் போகிறவன் சத்தம் என்றால் சத்தம்தான். கம்சாயினிக்கோ இருபத்தொன்பது முடிகிறது.

"இது அவங்கட வாயில வந்த கதை இல்ல. ஆரோ போட்டுக் குடுத்திருக்கான்" என்றார் மனைவியிடம்.

"ஆரு?" என்றாள் கண்ணகை.

"சீனித்தம்பிதான். அவனுக்கும் கரைசேர்க்க ஒரு மகள் இருக்காள்."

"இருக்கும்" என்று கண்ணகை கத்தரிக்காயைப் பறித்து மடியில் போட்டாள்.

நல்லரத்தினம் முப்பது வருடம் தபாற்காரராக இருந்தவர். ஊராரின் தபாலட்டைகளை வாசித்துப் பார்த்த பிறகே கொடுத்தவர். மனிதர்கள் எழுதுவது ஒன்று, நினைப்பது வேறொன்று என்பது அவருடைய முடிவு. பக்கத்து வளவுச் சீனித்தம்பி காலையில் "என்ன மச்சான், சுகமா?" என்று கேட்டால்கூட, எதற்குக் கேட்டான் என்று மத்தியானம்வரை யோசிப்பார்.

முதலில் வேலியை உயர்த்தினார். நாலடி வேலி, தென்னோலைக் கிடுகுக்கு மேல் கிடுகாக எட்டடி ஆனது.

"இன்னும் ஒரு முழம் கூட்டிக் கட்டுங்க" என்று கண்ணகை கீழே நின்று கிடுகு எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த நாள் விடிந்ததிலிருந்து ஒரு வாகனம் மிச்சமில்லாமல் அவருடைய வேலிக்கு நேரே வந்ததும் ஹோர்ன் அடித்தது. லொறி நீட்டி அடித்தது. மோட்டார் சைக்கிள் விட்டு விட்டு அடித்தது. பத்து மணிக்குள் நல்லரத்தினத்துக்குத் தலையிடி பிடித்தது.

"பாத்தியா? சீனித்தம்பி பஸ்காரனுகளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கான்."

தோட்டத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்த கம்சாயினி நிமிர்ந்தாள். "அப்பா, இவடத்துல றோட்டு வளையுது. வேலி மறைச்சா முன்னுக்கு வாறது தெரியாது. ஹோர்ன் அடிக்காம என்ன செய்யிற?"

நல்லரத்தினம் மகளையும் ஒருமுறை சந்தேகமாகப் பார்த்தார். வேலியைப் பழையபடி குறைத்தார்.

பிறகு யாரோ சொன்னார்கள்: சத்தத்தை மறிக்க மண்தான் நல்லது, வேலியோரம் அணை கட்டி மேலே செடி வை என்று. சொன்னவன் யாரென்று பின்னர் அவருக்கு ஞாபகம் வரவில்லை. அணைக்கு மண் வேண்டும். தோட்டத்தின் நடுவே ஆளுயர ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி, அந்த மண்ணை வேலியோரம் குவித்தார். ஊர்க்கண் படக்கூடாதென்று கிடங்கைச் சுற்றித் தறப்பாள் கட்டினார். அங்கேதான் பிசகியது.

2011இல் மாங்கேணியில் ஒரு மனிதன் தறப்பாள் கட்டி மறைத்துக்கொண்டு கிடங்கு வெட்டினால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. சண்டைக்காலத்தில் புதைத்த தங்கம். இரண்டாம் நாள் வேலியோரம் பத்துப்பேர் நின்றார்கள். மூன்றாம் நாள் வாகரையிலிருந்து ஓட்டோக்களில் வந்தார்கள். கச்சான்கடலை விற்கிறவன் தள்ளுவண்டியோடு வந்து நிழல் பார்த்து நிறுத்தினான்.

"எவ்வளவு ஆழத்துல கிடந்திச்சு, மச்சான்?" என்று சீனித்தம்பி குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"என்னது கிடந்திச்சு?"

"சரி, சரி. சொல்லாத. நான் கேக்கல்ல."

நாலாம் நாள் பொலிஸ் வந்தது. சார்ஜன்ட் அணையைச் சுற்றி நடந்தார். றோட்டைப் பார்த்தார், அணையைப் பார்த்தார், நல்லரத்தினத்தைப் பார்த்தார்.

"ஐயா, இது பங்கர் மாதிரி இருக்குத்தானே."

"சத்தத்துக்குக் கட்டின, சேர்."

"என்ன சத்தம்?"

"பஸ் சத்தம்."

சார்ஜன்ட் தன் சேவைக்காலத்தில் பலவிதமான பொய் கேட்டவர். இது புதிதாக இருந்தது. கொப்பியில் கவனமாக எழுதிக்கொண்டார். மறுநாள் பொலிஸோடு மண் தோண்டும் பெக்கோ மெஷின் வந்தது. அணை ஒரே இழுவையில் போனது. கிடங்கு இன்னும் பத்தடி ஆழமானது. கத்தரி போனது, மிளகாய் போனது, முருங்கை சாய்ந்தது. இரண்டு நாள் பெக்கோ போட்ட உறுமலில் றோட்டுச் சத்தமே கேட்கவில்லை. அந்த அளவில் காரியம் வெற்றிதான். தங்கம் வரவில்லை, சுனாமி கொண்டுவந்து போட்ட ஒரு சைக்கிள் றிம் மட்டும் வந்தது. அதையும் பொலிஸ் எடுத்துக்கொண்டு போனது.

கண்ணகை எல்லோருக்கும் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தாள். அவள் முகத்தில் கவலையைக் காணோம். மனிசிக்கு மனத்தைரியம் கூட என்று நல்லரத்தினம் நினைத்துக்கொண்டார்.

கிடங்கை மூட ஆள் பிடிப்பதற்குள் மாரிமழை பிடித்துக்கொண்டது. தோட்டம் குளமானது. எங்கிருந்தோ தவளைகள் வந்தன. வாகரை, மாங்கேணி, பனிச்சங்கேணித் தவளைகள் எல்லாம் அவருடைய வளவுக்குக் குடிவந்தது போல இருந்தது. பஸ்ஸாவது போய்விடும், தவளை போவதில்லை.

அன்று காலை சீனித்தம்பி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மச்சான், மீன் வளக்கப் போறயோ?" என்றான்.

நல்லரத்தினத்துக்கு அதுவரை அடக்கியதெல்லாம் வந்துவிட்டது.

"நீதான்டா சித்தாண்டிக்குப் போய்ச் சத்தம் எண்டு ஊதினவன். என்ர புள்ளட வாழ்க்கையில மண்ணப் போட்டவன் நீதான்."

"நானா? உன்ர மகள் கல்யாணம் முடிச்சா முதல் சோறு தின்னுறவன் நான்தானே!"

"அப்ப ஆரு சொன்ன?"

"எனக்கென்ன தெரியும்? நானே நீ தங்கத்த எங்க வச்சிருக்காய் எண்டு நித்திரையில்லாமக் கிடக்கன்."

இரண்டு பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்த, றோட்டில் பஸ் ஒன்று நின்றது. இறங்கியவள் அன்னப்பூரணி. பொலிஸ், பெக்கோ, தங்கம் எல்லாம் சித்தாண்டிவரை போயிருந்தது. அவள் குடையை மடக்கிக்கொண்டு வாசல் படலையடியில் நின்று, தோட்டம் இருந்த இடத்தைப் பார்த்தாள்.

நல்லரத்தினம் ஓடிப்போனார்.

"தங்கச்சி, நான் உள்ளதெல்லாம் செய்து பாத்திட்டன். இந்தச் சத்தத்த என்னால நிப்பாட்ட ஏலாமப் போயிட்டு. சத்தத்துக்காக என்ர புள்ளய உட்டிராதங்க."

அன்னப்பூரணி வாயில் கையை வைத்தாள். அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். அங்கே கதவோரம் நின்ற கண்ணகையின் சேலைத் தலைப்புச் சட்டென்று உள்ளே போனது.

"அண்ணே, நான் மகளுக்கு வீட்டக் குடுத்திட்டு அஞ்சு வருசமாச் சந்தைக்குப் பக்கத்துல கொட்டில் போட்டுக் கிடக்கிறவள், சத்தம் எனக்கு என்ன செய்யும்? 'முதல் வீட்டக் கடல் கொண்டுபோயிட்டு, இத மருமகன் எடுக்க முந்தி ஒரு வருசமெண்டாலும் நான் குடியிருந்து பாக்கணும், சத்தம் எண்டு என்னத்தையாவது சொல்லித் தள்ளிப் போடுகா' எண்டு என்ர கையப் புடிச்சிட்டு அழுதது உங்கட மனிசிதான்."