பாரம் ஏறாத பெட்டி

பெட்டியைத் தலையில் ஏற்றியதும் சும்மாடு நின்றுவிட்டார். ஒரு கால் மாடிப்படியில் இறங்கியிருந்தது. மற்றது இறங்க மறுத்தது.

“என்னண்ணே, கழுத்து பிடிச்சுக்கிச்சா?” என்றான் பின்னால் நின்ற ஒல்லி. அவரோடு மூட்டை தூக்குகிறவன்.

“கழுத்து நல்லாத்தான் இருக்கு. பெட்டிதான் சரியில்ல.”

“ஏன், ரொம்பக் கனக்குதா?”

“கனக்கலையேடா! அதான் பயமா இருக்கு.”

சந்தையில் அவருக்குச் சும்மாடு என்றுதான் பெயர். தலையில் சுருட்டி வைத்த துணியை அவர் தூங்கும்போதாவது எடுப்பாரா என்று பந்தயம் கட்டியவர்கள் உண்டு. இன்று அந்தத் துணியின் மேல் இருந்தது வெங்காய மூட்டை இல்லை, ஓட்டு மெஷின். சந்தைத் தொழிலாளர் சங்கத் தேர்தல். காலையில் கீழேயிருந்து மாடி ஹாலுக்குப் பெட்டியை ஏற்றியவர் அவர்தான். இப்போது ஓட்டுப் போட்டு முடிந்து, சீல் வைத்து, எல்லார் கண்ணெதிரிலும் எண்ணுவதற்காகக் கீழே முற்றத்துக்கு இறக்க வேண்டும்.

இதற்கு முன்னால் நடந்த தேர்தல்களில் எல்லாம் ஓட்டுச் சீட்டுதான், இரும்புப் பெட்டிதான். போகும்போது காற்று மாதிரி போகும், வரும்போது கழுத்தை முறிக்கும். சங்கத்தில் இருக்கிற ஆட்களைவிட ஓட்டு அதிகமாக விழுகிற அதிசயமும் அதில்தான் நடந்தது. அந்த அதிசயத்தின் பயனாகவே ஒரே ஆள் திரும்பத் திரும்பத் தலைவரானார். சந்தையே அவரை நிரந்தரத் தலைவர் என்று கூப்பிட்டது. அவரும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அவரை எதிர்த்து இந்த முறை நிற்பது சும்மாட்டின் மனைவி. சாக்குத் தைக்கிறவள். கையிலும் ஊசி, வாயிலும் ஊசி என்பதால் ஊசியக்கா. “மெஷின் வெச்சாத்தான் தேர்தல், இல்லேன்னா ஒரு சாக்கும் தைக்க மாட்டோம்” என்று பெண்களைத் திரட்டி உட்கார்ந்து, இந்த மெஷினைச் சந்தைக்குள் கொண்டுவந்தவள் அவள்தான்.

காலையில் முதல் ஆளாக ஓட்டுப் போட்டவர் சும்மாடு. பட்டனை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. கீச்சென்று ஒரு சத்தம். அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. எத்தனையோ வருஷமாக எவன் எவனோ சொன்னதைக் கேட்டே சுமந்த மனுஷன் சொன்னதை, ஒரு பெட்டி கேட்டுக்கொண்டு ‘சரி’ என்கிறதே!

அவ்வளவு பேர் சொன்னதையும் கேட்டுவிட்டு, அது காலையில் இருந்த அதே பாரத்தோடு தலையில் உட்கார்ந்திருந்தால் மனுஷனுக்குச் சந்தேகம் வருமா, வராதா?

தேர்தல் நடத்த வெளியிலிருந்து வந்திருந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “என்னய்யா நின்னுட்டே?”

“சார், கோவிச்சுக்காதீங்க. சந்தையே வந்து ஓட்டுப் போட்டுச்சு. பெட்டி துளியும் கனக்கலையே. ஓட்டெல்லாம் எங்க சார் போச்சு?”

அதிகாரி சிரித்தார். நல்ல மனிதர். விளக்கம் சொல்லாமல் விடமாட்டார்.

“ஓட்டுக்கு எடை கிடையாதுய்யா. உன் சம்சாரம் முகம் உனக்கு ஞாபகம் இருக்குல்ல?”

“மறக்க முடியுமா சார்? விட்டாத்தானே.”

“அந்த ஞாபகத்தால உன் தலை கனக்குதா? இதுவும் அப்படித்தான். பெட்டி ஞாபகம் வெச்சுக்கும், அவ்வளவுதான்.”

சும்மாடு வாயைப் பிளந்தார். நெல்லுக்கு எடை உண்டு, பஞ்சுக்கு உண்டு, காலிச் சாக்குக்குக்கூட உண்டு. எடையில்லாத சரக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு நிற்கிறோம் என்று நினைத்தபோது அவருக்குக் கால் கூசியது. கோயில் படியில் நிற்கிற மாதிரி மெதுவாக இறங்கினார்.

அதோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் படிக்கட்டில் பேசுவது சந்தை முழுக்கக் கேட்கும்.

“என்னது, பெட்டி காலியா?” என்று கீழேயிருந்து குரல் வந்தது. நிரந்தரத் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

“காலின்னு யாரு சொன்னா? கனக்கலைன்னுதான் சொன்னேன்.”

“கனக்காத பெட்டிக்கு என்னய்யா பேரு? சார், ஓட்டு உள்ள இல்ல. உங்க மூட்டைக்காரரே சொல்றாரு!”

முற்றத்தில் சலசலப்பு கிளம்பியது. அதிகாரிக்கு ஒரு யோசனை தோன்றியது. தோன்றாமல் இருந்திருக்கலாம்.

“எடை போட்டுப் பார்த்துடுவோம். காலையில எடை போட்டீங்கல்ல?”

போட்டிருந்தார்கள். எடை போடாமல் எந்தச் சரக்கையும் தலையில் ஏற்றுவதில்லை என்பது சந்தை வழக்கம். கடவுளே மூட்டையாகி வந்தாலும் தராசில் ஏறி இறங்கித்தான் தலைக்கு வர வேண்டும். காலையில் சும்மாடு வெங்காயக் கடையில் தராசைக் கேட்டு வாங்கிவந்து, எடை போட்டு, ‘ஆறு கிலோ’ என்று தூணில் சாக்பீஸால் எழுதியும் வைத்திருந்தார்.

“அதே ஆறு கிலோ இருந்தா, யாரும் உள்ள எதையும் செருகலை, எதையும் உருவலைன்னு அர்த்தம். சம்மதமா?”

“சம்மதம்!” என்றது கூட்டம். நிரந்தரத் தலைவரும் வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

ஒல்லி ஓடினான். மூச்சிரைக்கத் தராசோடு திரும்பி வந்தான். “கடையில ஆளைக் காணோம், நானே எடுத்துட்டு வந்துட்டேன்” என்று மேசைமேல் வைத்தான். சும்மாடு பெட்டியைக் குழந்தையைத் தொட்டிலில் இடுகிற மாதிரி அதன்மேல் இறக்கினார்.

பச்சை எண்கள் ஓடி நின்றன. ஐந்தரை.

பெட்டியின் சிவப்பு அரக்கு சீல் வைத்தது வைத்தபடி இருந்தது.

“ஃபேன் காத்து தூக்குது” என்றார் அதிகாரி. ஃபேனை நிறுத்தினார்கள். எல்லாருக்கும் வியர்த்தது. ஐந்தரைதான்.

“பாட்டரி! நாள் முழுக்க ஓடுச்சில்ல, சார்ஜ் குறைஞ்சிருக்கும்.”

“சார்ஜ் போனா பாட்டரி இளைக்காது சார்” என்றார் கூட்டத்தில் நின்ற எலெக்ட்ரீஷியன். “இளைக்கும்னா என் கடையில உள்ளதெல்லாம் இந்நேரம் பறந்திருக்கும்.”

“பார்த்தீங்களா!” நிரந்தரத் தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “அரைக் கிலோ ஓட்டு ஆவியாப் போச்சு! இதுக்குத்தான் சீட்டு வேணும்னேன். சீட்டு எங்கயாவது காணாமப் போயிருக்கா?”

“கூடத்தானே செஞ்சிருக்கு” என்று ஒரு பெண் குரல் கொடுத்தாள். அவர் காதில் அது விழவில்லை.

இப்போது கூட்டத்தின் பார்வையே மாறிவிட்டது. சீல் உடையாமல், தொட்டவர் இல்லாமல், பார்த்தவர் இல்லாமல் அரைக் கிலோ வெளியே போயிருக்கிறது என்றால் அது எப்பேர்ப்பட்ட பெட்டி! முன்னால் நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். ஒரு கிழவர் செருப்பைக் கழற்றினார்.

“தராசு தப்பா இருந்தா?” என்றார் அதிகாரி, கடைசி நம்பிக்கையாக.

அதற்கு நியாயம் சொன்னது சும்மாடுதான். விதி யாரை விட்டது. “சார், காலையில எந்தக் கடைத் தராசோ, இப்பவும் அதே கடைத் தராசு. அது பொய்யே சொல்லட்டும், ரெண்டு தடவையும் ஒரே பொய்யைத்தானே சொல்லணும்?”

கேட்டவர்களுக்கெல்லாம் அது ஆணி அடித்த மாதிரி இருந்தது.

ஊசியக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

“ஏய்யா, நான் வீடு வீடா ஏறி எறங்கி ஓட்டுக் கேட்டேன். நீ பெட்டிய ஏத்தி எறக்கிக் கெடுத்துட்டியே! உன்னை யாரு இதை எடை போடச் சொன்னது?”

“பாரம் ஏறலையேன்னு ஒரு சந்தேகம்...”

“உனக்குத் தலைமேல சும்மாடு இருக்கே, உள்ள ஏதாவது இருக்கா?”

சும்மாடு குனிந்தார். சீட்டுப் பெட்டி திரும்பி வந்தால் இவள் இந்த ஜென்மத்தில் ஜெயிக்க மாட்டாள். அது அவருக்குத் தெரியும். தன் வாயால்தான் வந்தது என்பதும் தெரியும். சட்டென்று பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக் கண்ணை மூடினார்.

“சார், என் தலைக்குக் காலையில இருந்த அதே பாரம்தான் தெரியுது. சத்தியமா.”

“உன் தலையில நம்பர் தெரியுதா?” என்றார் நிரந்தரத் தலைவர். கூட்டம் சிரித்துவிட்டது. அவர் பக்கத்து ஆட்கள் மட்டுமல்ல, எல்லாரும். ஊசியக்காகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுதான் சும்மாட்டுக்குத் தாங்கவில்லை.

“எடையைப் பார்த்து முடிவு பண்ணலாம்னு எல்லாரும் ஒத்துக்கிட்டோம்” என்றார் அதிகாரி, யாரையும் பார்க்காமல். “எனக்கும் வேற வழி தெரியல. தேர்தலை ரத்து பண்ணி, பழையபடி சீட்டுலயே...”

பேனா மூடியைக் கழற்றினார். சும்மாடு பெட்டியை மேசையில் இறக்கிவிட்டு, அதன்மேல் கையை வைத்தபடியே நின்றார். தன் கைக்குக் கீழே, எடையே இல்லாமல், இத்தனை பேர் நெஞ்சில் இருந்தது இருக்கிறது. இருக்கிறது என்றுதான் இப்போதும் அவருக்குத் தோன்றியது. அதை யாரிடம் நிரூபிப்பது?

“நகருங்க, நகருங்க! வழி விடுங்கப்பா!”

வெங்காயக் கடை அக்கா முழங்கையால் இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். பெட்டியையும் பார்க்கவில்லை, பேனாவையும் பார்க்கவில்லை. நேரே ஒல்லியின் சட்டையைப் பிடித்தாள்.

“ஏண்டா, வண்டி நெறைய வெங்காயம் வந்து எறங்கிக் கெடக்கு, நீ பாட்டுக்கு நான் சரக்கு வாங்குற தராசைத் தூக்கிட்டு வந்துட்டே! ஒரு வார்த்தை கேட்டிருந்தா, காலையில குடுத்த மாதிரி விக்கிற தராசையே குடுத்திருப்பேனேடா!”