முப்பத்து மூன்று வயதில் போகவிருந்த மாப்பிள்ளை

புதுச்சேரி
5 பிப்ரவரி 1959

கடலூரில் இருக்கும் என் அக்காள் கணவர், மரியாதைக்குரிய வடிவேல் மாமா அவர்களுக்கு மைத்துனன் பஞ்சநாதன் பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன். இதைச் சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை மாமா, கணக்குப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

என் பெண் சாந்திக்கு நீங்கள் பார்த்துக் கொடுத்த சம்பந்தத்தை நான் கெடுத்துவிட்டேன். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

இருபத்தாறு வருடமாக மேரி என்கிற நகராட்சி ஆபீசில் மரணப் பதிவேடு எழுதுகிறவன் நான். போன மாதம் பழைய ஏட்டை முடித்துக் கட்டும்போது கை சும்மா இருக்கவில்லை. அதில் இருந்த நூறு பேரின் வயதையும் கூட்டி நூறால் வகுத்தேன். முப்பத்து மூன்று வந்தது! மாப்பிள்ளை கோவிந்தசாமிக்கு முப்பது நடக்கிறது. மூன்றே வருடத்தில் என் பெண் தாலியறுத்து நிற்பதா? ஐயோ மாமா, சைக்கிளை மிதித்துக்கொண்டு குருசுக்குப்பம் பக்கத்தில் இருக்கும் அவர் வீட்டுக்கு ஓடினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளையிடம் நாக்கை நீட்டு, மூச்சை இழு, விடு என்றேன், கண்ணிமையைப் பிதுக்கிப் பார்த்தேன். மாமனார் சொல்கிறாரே என்று அவரும் சோற்றுக் கையோடு நாக்கை நீட்டினார். அதோடு வந்திருக்கலாம். காரணத்தையும் சொல்லித் தொலைத்தேன். அவர் தாயார் தில்லையம்மாள் கரண்டியோடு வந்துவிட்டார்.

"உமக்கு இன்னா வயசு?"

"அம்பத்திநாலு."

"அப்ப இருவத்தியோரு வருசமா பொணமாவா சுத்திக்கினு இருக்கறீரு?"

நிச்சயத் தாம்பூலம் தட்டோடு திரும்பி வந்தது. சாந்தி அன்று முதல் என்னோடு பேசுவதில்லை. காப்பியைக்கூடச் சுவருக்கு வைப்பதுபோல வைத்துவிட்டுப் போகிறாள்.

நேற்று என் வீட்டுக்காரி அமிர்தவல்லி கணக்குத் தாளைப் பிடுங்கினாள். "இன்னாங்க இது? மூணு நாளு, நாப்பது நாளு, ஒண்ணர வருசம்... நூத்துல நாப்பது பேரு அஞ்சு வயசத் தாண்டாத கொழந்தைங்க. அதுங்களக் கூட்டி வகுத்தா எல்லாரு வயசும் எறங்காதா? அதத் தாண்டி வந்தவருதானே மாப்பிள்ள?" என்றாள். அப்புறம் மெதுவாக, "நம்மளுது ரெண்டும் இப்படித்தானே உங்க ஏட்டுல ஏறுச்சு" என்றாள். அந்த இரண்டு பெயரையும் என் கையால்தான் எழுதினேன்.

இன்று ஆபீசில் குழந்தைகளைக் கழித்துவிட்டு வகுத்துப் பார்த்தேன். ஐம்பத்தைந்து! கால் தரையில் நிற்கவில்லை. இன்னொன்று கேளுங்கள். அந்த ஏட்டில் எழுபதைத் தாண்டியவர்கள் பத்துப் பேர். அவர்கள் ஆளுக்கு இரண்டு வருடம் கூட இருந்துவிட்டுப் போயிருந்தாலும் சராசரி இரண்டரை மாதம்கூட ஏறாது. குழந்தைகளில் பாதி பிழைத்து அந்த ஏட்டில் ஏறாமல் இருந்திருந்தால் எட்டு வருடம் ஒரே தாவாகத் தாவும், கிழவர்கள் ஒரு நாள்கூட அதிகம் வாழாமலேயே! குழந்தைகளுக்குத் தடுப்பு ஊசி போடும் அன்னக்கிளியம்மாள் வீடு வீடாக ஏறி இறங்குகிறார். இந்த ஜனவரியில் என் ஏட்டில் ஏறிய குழந்தை ஒன்றே ஒன்று. அந்த அம்மாளுக்குக் கோயிலே கட்டலாம்.

ஆகவே மாமா, கடிதம் கண்டதும் பஸ் ஏறி வந்து தில்லையம்மாளிடம் எனக்காகப் பேசுங்கள். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன், கரண்டியை மட்டும் கீழே வைக்கச் சொல்லுங்கள். என் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் நூறு வயது. சராசரி அல்ல, ஆளுக்கு முழு நூறு.

இப்படிக்கு,
பஞ்சநாதன்

பின்குறிப்பு: வர வேண்டாம். இல்லை, வாருங்கள், விருந்துக்கு. உறையை ஒட்டப்போகும்போது சாந்தியும் கோவிந்தசாமியும் மாலையும் கழுத்துமாக வந்து நின்றார்கள். இன்று காலை மேரியிலேயே கல்யாணத்தைப் பதிந்துவிட்டார்களாம், நான் தலையைக் குனிந்து வகுத்துக்கொண்டிருந்த மேசைக்கு இரண்டு மேசை தள்ளி! அமிர்தவல்லியும் தில்லையம்மாளும் எனக்குத் தெரியாமல் சமாதானமாகிச் சாட்சிக் கையெழுத்து. கல்யாண அறிவிப்பு பத்து நாளாக ஆபீஸ் வாசல் பலகையில் தொங்கியதாம். "எங்கண்ணுல படலியேம்மா" என்றேன். இருபது நாளைக்குப் பிறகு என் பெண் என்னோடு பேசினாள்: "செத்தவங்க பேரா இருந்தாத்தானேப்பா நீ படிப்ப?"