எல்லாப் பக்கமும் பொருந்துன கட்டி

நோய்னா அதுக்கு ஒரு ஒழுங்கு வேணும்னு எங்க ஆஸ்பத்திரி நிர்வாகம் முடிவு பண்ணுச்சு. நியாயம்தானே! வந்துச்சு பாருங்க, மூவாயிரம் பக்கத்துல நோய்க்குறியியல் பெருங்கையேடு. லேப் மேஜை ஒரு பக்கமா சாஞ்சே போச்சு. கூடவே சுற்றறிக்கை: "இனி எந்த ரிப்போர்ட்டும் கையேட்டுப் படத்தோடு ஒப்பிட்டு, பக்க எண் குறிப்பிட்டு, கண்காணிப்பாளரின் ஒப்புதலுக்குப் பின்னரே வழங்கப்படும்." ரிப்போர்ட் டைப் அடிக்கிற எனக்கு ஒரே குஷி. நோய்க்குப் பக்க எண்! என்ன கெத்து!

புத்தகம் திருடு போயிடக்கூடாதுன்னு ஸ்டோர் அண்ணன் ஒவ்வொரு படத்து மேலயும் ஊதா மையில ஆஸ்பத்திரி முத்திரைய வட்டமா குத்தி வச்சாரு. கடமைன்னா கடமை.

முதல் கேஸ், கழுத்துல கட்டியோட வந்த தையல்கார அக்கா. புத்துநோயோன்னு பயந்து பத்து நாளா தூங்கல. கட்டியில எடுத்த துளியூண்டு சதைய, கண்ணாடித் தகட்டுல வச்சு, டாக்டரம்மா மைக்ராஸ்கோப்புல பாத்தாங்க. ஒரே நிமிஷம். "டிபி. ஆறு மாசம் மாத்திரை போட்டா சரியாயிடும். பக்கம் 812."

கண்காணிப்பாளர் தகட்ட டியூப்லைட்டுல தூக்கிப் பிடிச்சாரு. புத்தகத்தப் பாத்தாரு.

"படத்துல ஊதா வட்டம் இருக்கு. இதுல காணோமே?"

"சார், அது நம்ம முத்திரை."

"அப்போ புத்தகம் தப்புங்கறீங்களா?"

"அய்யோ, இல்ல சார்..."

"வட்டம் வரட்டும், கையெழுத்துப் போடறேன்."

வெளிய பெஞ்சுல அக்கா என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. "தம்பி, எனக்கு என்னதாம்ப்பா?"

"வட்டம் வரணுமாம்க்கா."

"வட்டமா! வந்தா நல்லதா, கெட்டதா?"

டாக்டரம்மா பல்லக் கடிச்சிக்கிட்டு, முத்திரைய எடுத்து தகட்டு மேலயே ஒரு குத்து குத்தினாங்க. கண்காணிப்பாளர் முகம் மலர்ந்துச்சு.

"அச்சு அசலா பொருந்துது!" பக்கத்தத் திருப்பினாரு. "அட, இதுவும் பொருந்துது... இதுவும்... ஒண்ண விட்டாலும் நாளைக்கு ஆடிட்ல கேப்பாங்க. எல்லாத்தையும் அடிங்க தம்பி!"

அடிச்சேன். ஆயிரத்து அறுநூத்தி நாப்பது நோய். அதுல பாதி ஆம்பளைங்களுக்கு மட்டும் வர்றது, மீதியில பாதி பச்சக்குழந்தைங்களுக்கு வர்றது. எல்லாத்தையும் ஒரே காகிதக் கட்டாக் கட்டிக் குடுத்தோம். அக்காவுக்கு மயக்கமே வந்துடுச்சு. டாக்டரம்மா ஒரு துண்டுச்சீட்டுல கிறுக்கி, காதுல சொன்னாங்க: "அதெல்லாம் ஆபீஸுக்கும்மா. உங்களுக்கு இந்தச் சீட்டு மட்டும்தான்."

மருந்துக் கவுண்டர்ல சீட்டப் பாத்தாங்க, மாத்திரை குடுத்துட்டாங்க. அக்காவுக்கு உயிரே திரும்பி வந்துச்சு. அந்தக் காகிதக் கட்டையும் அவங்க விடல. "பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு, துணிக்கு அளவு வெட்ட ஆகும்."

அங்கதான் வினை. வரிசையில நின்ன பெரியவர் எகிறிட்டாரு: "அந்தம்மாவுக்கு அவ்ளோ பெரிய ரிப்போர்ட்டு, எனக்கு மட்டும் ஒத்தக் காகிதமா? நாங்கல்லாம் மனுசங்க இல்லையா?" பெஞ்சு மொத்தமும் எந்திரிச்சிடுச்சு. இப்போ எல்லார் தகட்டுலயும் முத்திரை, எல்லாருக்கும் முழு ரிப்போர்ட்டுதான். துண்டுச்சீட்டக் கீழ போட்டுட்டு, கட்டத் தோள்ல தூக்கிட்டுப் போறாங்க.

நேத்து என் ரத்தத்தையும் தகட்டுல வச்சு, முத்திரை குத்தாம குடுத்துப் பாத்தேன். "நோய் ஏதும் இல்லை." ஒரே வரி. அவமானமா போச்சு. யாரும் பாக்காதப்போ என் தகட்டுல நானே ஒரு முத்திரை குத்திக்கிட்டேன்.