மேலக்குளம் பச்சையானதற்கு நான் பொறுப்பல்ல

கர்த்தர் கிருபையால் பாளையங்கோட்டையில் கல்லூரி வாத்தியாராக இருக்கும் மருமகன் எபனேசருக்கு, தாய்மாமன் தேவசிகாமணி எழுதிக்கொள்வது. நானும் அத்தையும் சுகம். உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறோம். குளத்து மீன்கள்தான் சுகமில்லை.

சபை வாட்ஸாப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டதால் தாளில் எழுதுகிறேன். அசன விருந்துக்கு இருபத்திரண்டு வருஷமாக மேற்பார்வை நான்தான். ஜெபித்து இறக்கிய சோற்றைக் குப்பையில் கொட்டுவது நம் வழக்கமில்லை. இந்த வருஷம் பக்கத்து ஊரிலும் அதே நாளில் அசனம் வைத்துவிட்டதால் ஒன்பது அண்டா சோறும் சாம்பாரும் மிஞ்சின. கோடையில் சுருங்கிக் கிடந்த மேலக்குளத்து மீன்களாவது சாப்பிடட்டும் என்று கொட்டச் சொன்னேன். பத்தே நாளில் குளம் பச்சைப் பெயிண்ட் அடித்ததுபோல் ஆனது. பிறகு ஒரு விடியற்காலை கட்லா மீனெல்லாம் வாயைப் பிளந்து மேலே வந்து, மல்லாந்துவிட்டன. மீன் குத்தகைக்காரர் காஜா முகைதீன் என் வாசலில் நின்று, "அண்ணாச்சி, மீனுக்கு என்னத்த போட்டிய?" என்றார்.

"சாம்பார்தான்வே. ஆயிரம் பேரு தின்னாங்க, ஒருத்தரும் மல்லாரலையே."

"அவங்க தண்ணிக்குள்ள இருந்துகிட்டா தின்னாங்க?"

பண்பில்லாத கேள்வி.

நீயும் போனில் அவர் பக்கமே பேசினாய். "மாமா, மிஞ்சின சோத்த நுண்ணுயிரு தின்னு கரைக்கும். அந்தச் சத்துல பாசி பெருகும். பாசி செத்தா அதையும் நுண்ணுயிரு திங்கும். தண்ணில உள்ள பிராணவாயுவெல்லாம் அதுக்கே போயிரும். மீனு மூச்சுக்கு எங்கன போவும்?" என்றாய். கண்ணுக்கே தெரியாத உயிர் நாலு கிலோ கட்லாவின் மூச்சைப் பிடுங்கும்வரை கட்லா என்ன செய்துகொண்டிருந்தது? சத்து கூடி யாரும் செத்து நான் பார்த்ததில்லை. உன் அத்தைக்குச் சர்க்கரை இருப்பது வேறு விஷயம்.

நான் சோதிக்காமல் பேசுகிறவன் அல்ல. பூட்டிக் கிடக்கும் உன் வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறதே. அத்தையை அதே பக்குவத்தில் ஓர் அண்டா சாம்பார் சோறு ஆக்கச் சொல்லி, உன் கிணற்றில் கொட்டி, சாட்சிக்கு இரண்டு ஜிலேபி மீனும் விட்டு மூடினேன். இன்றோடு மூன்று நாள். தண்ணீர் பச்சையாகவில்லை. மீன்கள் நீந்துகின்றன. ஆகவே குற்றவாளி, குளத்தில் துணி துவைக்கிறவர்களின் சோப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை சபைக் கமிட்டி கூடி, என் அகப்பையைப் பாக்கியசீலனிடம் கொடுக்கப் போகிறதாம். அவனுக்கு உப்புப் பார்க்கவே தெரியாது. ஆகவே, சாம்பாரால் தண்ணீர் கெடாது, உன் கிணறே சாட்சி என்று கல்லூரித் தாளில் எழுதி, முத்திரை வைத்து, சனிக்கிழமைக்குள் அனுப்பு. உன் மனைவி ஸ்டெபிக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும் நல்ல தண்ணீரும் தருவாராக.

உன் தாய்மாமன்,
தேவசிகாமணி

பின்குறிப்பு: தபாலில் போட நாலு நாள் பிந்திவிட்டது. கிணறு பச்சையாகவில்லை என்பது இன்றும் உண்மை. கறுப்பாகியிருக்கிறது. வெளிச்சம் இல்லாத இடத்தில் பாசி வராது என்று நீ முன்னமே சொல்லியிருக்கலாம். ஜிலேபி இரண்டும் மேலே வந்து என்னைச் சற்று நேரம் பார்த்தன. கிறிஸ்துமஸுக்கு வரும்போது தண்ணீர் கேன் கொண்டு வாருங்கள். கிணற்று மூடியைத் திறக்க வேண்டாம். முத்திரை வைத்த கல்லூரித் தாளும் வேண்டாம். அகப்பையை நானே பாக்கியசீலனிடம் கொடுத்துவிட்டேன். தோள்வலி.