கொதித்த காரும் கிண்டாத டோடோலும்

இந்த நோன்புப் பெருநாளுக்கு மாமியார் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று ஹம்டான் சபதம் எடுத்தார். வாய்விட்டு எடுக்கவில்லை. குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, மனசுக்குள் எடுத்துக்கொண்டார். அவர் எடுக்கும் சபதமெல்லாம் அப்படித்தான்.

மாமியார் தங்கமான மனுஷி. குற்றமெல்லாம் டோடோல் என்கிற இனிப்பின் மேல். கிளந்தானில் அவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில், வருஷா வருஷம் பெருநாளுக்கு முந்தின நாள், ஒரு ஆள் உட்கார்ந்து குளிக்கலாம் போன்ற இரும்புக் கடாயை ஏற்றி, தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் அரிசிமாவும் கொட்டுவார்கள். கிண்டுவது மருமகன் வேலை. ஏழு மணி நேரம். கை நின்றால் அடிப்பிடிக்கும். அடிப்பிடித்தால் அடுத்த பெருநாள்வரை ஊர் பேசும். நோன்பு வைத்த வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. மச்சான்கள் மூன்று பேரும் சரியாக அந்த நேரம் பார்த்து முடிவெட்டிக்கொள்ளக் கிளம்பிவிடுவார்கள். போன தடவை கிண்டிய தோள், சட்டை மாட்டும்போது இன்னும் கடக்கென்கிறது.

ஆனால் இந்த வருஷம் மனைவி ரொஸ்னாவின் முறை. ஒரு பெருநாள் அவர் அம்மா வீடு, மறு பெருநாள் அவள் அம்மா வீடு என்பது கல்யாணத்தன்றே பேசி முடித்த ஒப்பந்தம். அதை மீற ஹம்டானுக்குத் தைரியம் இல்லை. காருக்கு உண்டு. இருபத்திரண்டு வயசான கார் மலையேற்றத்தில் கொதித்து நின்றால் யாரைக் குறை சொல்ல முடியும்? அப்படியே திருப்பி, மேடே இல்லாத சபாக் பெர்ணமுக்கு, தன் அம்மா வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போய்விடலாம். அங்கே அவருக்கு ஒரே வேலை, கொடுப்பதைச் சாப்பிடுவது.

கிளம்புகிற அன்று விடிகாலை, ரொஸ்னா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். ஹம்டான் பூனை மாதிரி போய் பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டர் காத்தாடிக்கான ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

காராக் மலைச்சாலையில் பெருநாள் நெரிசல். கார்கள் நத்தையாக நகர்ந்தன.

"அபாங், ஏசிக் காத்து வெதுவெதுன்னு வருதே?" என்றாள் ரொஸ்னா.

"வெயில்."

"காலைல ஏழரை மணிக்கா?"

"மலை வெயில் சீக்கிரம் வரும்."

நெரிசல் கொஞ்சம் விலகி வண்டி வேகம் பிடித்தது.

"இப்போ ஜில்லுனு வருது!"

"பாத்தியா, வெயில் போயிடுச்சு."

மறுபடி நெரிசல். வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. ஹம்டான் மனசுக்குள் மத்தளம் கொட்டியது. முகத்தை மட்டும் இழவு வீட்டுக்குப் போகிறவர் போல வைத்துக்கொண்டார். முன்னால் புஸ்ஸென்று ஆவி கிளம்ப, வண்டியை ஓரம் கட்டினார்.

"போச்சு ரொஸ்னா! ஹெட் கேஸ்கெட் போச்சு! எஞ்சினே போச்சு!"

பதற்றத்தை இன்னும் நன்றாகக் காட்ட ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். ரொஸ்னா அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"அதுல கை வெச்சா, பெருநாளைக்கு ஒருத்தருக்கும் கை குடுக்க முடியாது. முதல்ல ஆறட்டும்."

முக்கால் மணி நேரம் ஆறியது. பிறகு தலைத்துணியை இறுக்கிக்கொண்டு அவளே குனிந்தாள். குறைந்த தண்ணீரை ஊற்றினாள். எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தாள்.

"எண்ணெய் சுத்தமா இருக்கு. கேஸ்கெட் போயிருந்தா பால் கலந்தாப்ல வெளுத்திருக்கும்."

"அப்போ எங்கயோ ஒழுகுது!"

"கீழ பாருங்க. ரோடு காஞ்சு கிடக்கு."

"தெர்மோஸ்டாட் அடைச்சுக்கிச்சு!"

"கொதிச்சப்போ தொட்டுப் பாத்தேனே. மேல் குழாயும் சுட்டுது, கீழ் குழாயும் சுட்டுது. அடைச்சிருந்தா கீழ ஜில்லுனு இருக்கும்."

"தண்ணி பம்பு..." ஹம்டானின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"பம்பு போயிருந்தா ஓடும்போதும்தான் கொதிக்கும். நம்ம வண்டி ஓடினா நல்லா இருக்கு, நின்னா கொதிக்குது. ஓடும்போது காத்து தானா அடிக்கும். நின்னா காத்தாடிதான் சுத்தணும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்க, ஏசியைப் போடுங்க."

போட்டார். காத்தாடி பிடித்து வைத்த மாதிரி நின்றது.

அப்போதுதான் ஹம்டானுக்கு நினைவு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருஷம் கார் உதிரிபாகக் கடையில் நின்றவள் ரொஸ்னா. பெண் பார்க்கப் போனபோது அவள் கண்ணைத்தான் பார்த்தார். என்ன வேலை என்று காதில் வாங்கவில்லை.

எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு அவள் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தாள்.

"எரியலை. காணோம்."

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும்."

"மூடியைத் திறந்து, இத்தனை ஃபியூஸ்ல இது ஒண்ணை மட்டும் எடுத்துட்டு, மறுபடி மூடியையும் அமுக்கி வெச்சுட்டுப் போயிருக்கு. நல்லா வளர்த்த எலி."

"ரொஸ்னா, செல்லம், இந்த நிலைமைல மலை ஏறுறது ஆபத்து. திருப்பிட்டா இறக்கம்தான். மெதுவா எங்க அம்மா வீட்டுக்கு..."

அவர் முடிப்பதற்குள், பின்கண்ணாடியில் பனி படியாமல் சூடாக்க இருக்கும் ஃபியூஸை அவள் பிடுங்கிக் காலி இடத்தில் செருகிவிட்டாள். இரண்டும் ஒரே அளவு. பின்கண்ணாடியில் பனி பிடித்து மலேசியாவில் யாரும் செத்ததில்லை. எஞ்சினைக் கிளப்பியதும் காத்தாடி விர்ரென்று சுழன்றது. முள் நல்ல பிள்ளையாக நடுவில் வந்து நின்றது.

ரொஸ்னா அவர் பக்கத்தில் வந்தாள். சட்டைக் காலரைச் சரிசெய்கிறாள் என்று நினைத்தார். அவள் இரண்டு விரலைப் பைக்குள் விட்டு ஃபியூஸை எடுத்தாள்.

"எலி பாவம், கனத்தைத் தாங்க முடியாம உங்க பைல போட்டுட்டுப் போயிருக்கு."

ஹம்டான் ரோட்டைப் பார்த்தார். அவள் திட்டியிருந்தால் தேவலை. திட்டாமல் கைப்பேசியை எடுத்தாள். ஸ்பீக்கரில் மாமியார் குரல் கணீரென்று கேட்டது.

"ரொஸ்னா! எங்கம்மா வர்றீங்க? மருமகனுக்குத் தோள் வலி, இந்த வருஷம் அவரைக் கிண்ட விடக்கூடாதுன்னு மாசத்துக்கு முன்னாடியே சொன்னியே, அதே மாதிரி கடைல பதினஞ்சு கிலோ டோடோல் சொல்லிட்டேன். அவருக்குச் சாய்வு நாற்காலி போட்டு வெச்சிருக்கேன். வந்து நிம்மதியாப் படுக்கச் சொல்லு."

ஹம்டானுக்கு, இப்படிப்பட்ட மாமியாரிடமிருந்தா ஓடப் பார்த்தோம், இப்படிப்பட்ட பெண்டாட்டியையா ஏமாற்றப் பார்த்தோம் என்று நிஜமாகவே வெட்கமாக இருந்தது. கண் கலங்க அவளைப் பார்த்தார்.

"கடைல வேண்டாம்னு சொல்லிடுங்கம்மா," என்றாள் ரொஸ்னா. "அவருக்குத் தோள் சரியாயிடுச்சு. பக்கத்து வீட்டுக்கும் சேத்து இவரே கிண்டித் தர்றாராம்."