லிஃப்ட் வாசற் பெரும்போர்

வாழ்க கறுப்பங்கி! வாழ்க அதனுள்ளே வேர்த்து விறுவிறுத்து நிற்கும் வக்கீலம்மா! குடும்ப நீதிமன்றத்துக் கொற்றவை. கண்ணீர் சொரிந்து வந்த கணவர்க்கும் கண்ணீர் வற்றி வந்த மனைவியர்க்கும் ஒருங்கே அபயம் அருளும் செங்கையாள். வாய்தா என்னும் ஒற்றைச் சொல்லால் மாதங்களையே மலைப்பாம்புபோல் விழுங்கும் மந்திரநாவினள்! அன்னவர் திறம் உரைக்கவே இவ்வுரை எழுந்தது. நீதிமன்றம் விடுமுறைக்கு மூடிய அந்த நாளில் அவர் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

உலகோர் ஓய்வுக்கென்று கண்ட விடுமுறைக்காலம், பிரிந்து வாழும் பெற்றோர்க்கோ படையெடுப்புக் காலம். பள்ளிக்கதவம் சாத்தக் கேட்ட மாத்திரத்தே "பிள்ளை யாரோடு?" என்னும் போர்முரசு வீடுதோறும் அதிர, அவ்வதிர்வெல்லாம் திரண்டு வக்கீலம்மாவின் கைபேசிக்குள் வந்து விழ, கடற்கரைக்கா அத்தை வீட்டுக்கா, நீச்சலுடை வாங்கித் தருவது எவர், பல்லில் கட்டிய கம்பியைக் காப்பது எவர் என்று அலையலையாய் எழுந்த முறையீடுகளைத் தனியொருத்தியாய் நின்று தீர்த்தெறிந்தார் அத்தீரர். மிச்சம் இருந்தது ஒரே ஒரு கேஸ்.

ஆயினும் அவ்வீரநெஞ்சத்தே ஓர் அச்சம் குடியிருந்தது. அன்று மாலை பஸ்ஸில் கணவரோடும் மகளோடும் மலைக்குப் போக வேண்டும். போன லீவுக்கும் அதற்கு முந்தைய லீவுக்கும் "வேலை இருக்கு கண்ணு" என்று சொல்லி வீட்டோடு தங்கிவிட்டவர் அவர். காலையில் ஷூ மாட்டிக்கொண்டே மகள் பிரகடனம் செய்திருந்தாள்:

"இந்த வாட்டியும் வரலைன்னா இனிமே உன்னை எங்கயுமே கூப்பிட மாட்டேன்மா."

எந்த நீதிபதியின் தீர்ப்பும் வக்கீலம்மாவை இப்படிக் கலங்கடித்ததில்லை.

எஞ்சிய அவ்வொரு வழக்கில்தான், பிள்ளையின் தாய்க்காக வாதாடிய வக்கீலம்மாவுக்கு எதிர்நின்றார் தந்தையின் வக்கீலாகிய ஆட்சேபணையார். அது பட்டப்பெயர், எவரேனும் "காலை வணக்கம்" என்றாலும் ஆட்சேபிக்கும் இயல்பினர் என்பதால் வந்தது. பிள்ளையை அப்பாவோடு அனுப்புவதில் இருதரப்புக்கும் இணக்கமே. எங்கே ஒப்படைப்பது என்பதில்தான் வானம் இடிந்தது. அம்மா குடியிருப்பது மூன்றாம் மாடி. அப்பா மாடியேறி வந்து கதவருகே பெற்றுக்கொள்வதா, அம்மா கீழிறங்கி வந்து கேட்டருகே தருவதா?

"மாடிக்கு வந்தா அது உரிமை கொண்டாடுற மாதிரி ஆயிடும் சார். கேட்தான்!" என்று கைபேசி வழியே கர்ச்சித்தார் வக்கீலம்மா.

"ஆட்சேபிக்கிறேன்! கேட்ல நின்னு வாங்கிட்டுப் போக என் கட்சிக்காரர் என்ன கூரியர்காரரா மேடம்?" என்று எதிர்முழங்கினார் ஆட்சேபணையார்.

மூண்டது போர். முன்தீர்ப்பென்னும் ஈட்டிகள் பாய்ந்தன. "உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்னும் கேடயங்கள் உயர்ந்தன. வரைவுகள் போயின, அடிக்கப்பட்டு மீண்டன, திருத்தப்பட்டு மறுபடி போயின. "அம்மா, பஸ் வந்துடுச்சு" என்றது மகளின் செய்தி. வாள் வீசும் வேளையில் வாசலை நோக்குவாரோ வீரர்? வக்கீலம்மா நோக்கவில்லை. பேரத்தில் மாடிப்படியின் திருப்பம் வரை இறங்கிவந்தார் ஆட்சேபணையார். கேட்டிலிருந்து தோட்டம் வரை ஏறிச்சென்றார் வக்கீலம்மா. "அம்மா, டிரைவர் ஹாரன் அடிக்கறாரு" என்றது அடுத்த செய்தி. அக்கணமே, இருபெரும் சேனையும் களைத்து விழும் தருவாயில், தரைத்தள லிஃப்டின் வாசலே ஒப்படைப்புக்குரிய புண்ணியபூமி என்று சாசனம் முடிந்தது. அருகிருந்த வக்கீலம்மாவின் குமாஸ்தா எழுந்து நின்று கைதட்டினார்.

வாகைசூடிய வக்கீலம்மா, பையைத் தோளில் ஏற்றியவாறே, வெற்றிச்செய்தியைப் பிள்ளையின் தாய்க்கு அறிவித்தார்.

"ஐயோ மேடம், சொல்லவே மறந்துட்டேன்," என்றாள் அவள். "அவரு காலையிலேயே வந்து பையனைக் கூட்டிட்டுப் போயிட்டாரு. வண்டி ஓட்டும்போது போனை எடுக்க மாட்டாரு, அதான் அந்த வக்கீலுக்கும் தெரிஞ்சிருக்காது."

"எங்க வந்து கூட்டிட்டுப் போனாரு?"

"மாடிக்குத்தான். உள்ள வந்து டீ கூட குடிச்சாரு. நாம அன்னிக்குப் பேசினோமே, அந்த கேட் விஷயம், அது இனிமே வேணாமா மேடம்?"

விண்ணவர் பூமாரி பொழியவில்லை. கறுப்பங்கி காற்றில் படபடக்க, எதிர்ப்பட்ட ஆட்டோக்களையெல்லாம் கைகாட்டி மறித்து, சிக்னல்தோறும் சினந்து, பஸ் நிலையத்தைப் புயலெனப் புகுந்தடைந்தார் அவ்வீராங்கனை. அங்கே பஸ் நின்ற இடத்தில் கொஞ்சம் ஆயில் சொட்டிக்கிடந்தது.

கணவரை அழைத்தார்.

"கிளம்பி ரொம்ப நேரமாச்சு. பாப்பா உன் சீட்ல பையை வெச்சுப் பிடிச்சிருந்தா. கண்டக்டர் எடுக்கச் சொல்லிட்டாரு, இப்ப யாரோ உக்காந்துட்டாங்க."

"பாப்பா அழறாளா?"

"அழலை. ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்திருக்கா."

வக்கீலம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாதாட எதிரே எவருமில்லாத அவ்வெறுங்களத்தில், அங்கியைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் திணித்து, கைபேசியை அணைத்து, மலைக்கே புறப்பட உறுமிக்கொண்டு நின்ற மற்றொரு ரதத்தை நோக்கி, "நானும் வரேன்னு சொல்லுங்க" என்று கணவரிடம் சொல்ல மறந்தவராய் நடந்தார் அம்மாதரசி.

அந்த பஸ்ஸில் உட்கார இடமில்லாததால் அவர் மலை வரைக்கும் நின்றுகொண்டே போனார்.